நகராட்சியின் பேரிடர் முன்னேற்பாட்டுப் பொறுப்பு: மழைக்கு முன் எதை முதலில் செய்வது?

கடைமடை:
வணக்கம். கடலோர நகராட்சி ஒன்றில் வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகளை ஒருங்கிணைக்கும் வேலை இந்த ஆண்டு என் தலையில். மக்கள் தொகை 60 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல், 30 வார்டுகள். கிழக்கே கடல், தெற்கே ஆற்றின் வடிகால். 11 வார்டுகள் தாழ்வான பகுதி. கையிருப்பு: 5 எச்பி டீசல் பம்ப் நான்கு, மரம் அறுக்கும் பவர் சா இரண்டு, ஜேசிபி ஒன்று.

பேரிடர் திட்டம் என்று தடியாக ஒரு புத்தகம் இருக்கிறது. பாதி மாவட்டத் திட்டத்திலிருந்து அப்படியே எடுத்தது. போன் பட்டியலில் இருப்பவர்களில் பலர் மாறுதலாகிப் போய்விட்டார்கள். மன்றத்தில் "இன்னும் ஆறு பம்ப் வாங்குவோம்" என்கிறார்கள். என் சந்தேகங்கள் மூன்று. பம்ப் வாங்குவது உதவுமா? முகாம்களை எந்தக் கணக்கில் முடிவு செய்வது? கலெக்டர் அலுவலகம் செய்ய வேண்டியது எது, நாம் செய்ய வேண்டியது எது?

தாசில்பண்ணை:
மூன்றாவதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். உள்ளாட்சியின் கடமை பிரிவு 41-இல் இருக்கிறது: ஊழியர்களுக்குப் பயிற்சி, உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் சாதனங்கள், மாவட்டத் திட்டத்தின்படி நிவாரணமும் சீரமைப்பும். தனியார் லாரியையோ மண்டபத்தையோ கையகப்படுத்தும் அதிகாரம் பிரிவு 65-இல் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு, நகராட்சிக்குத் தானாக வராது. புயல் நேரத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால், உங்கள் ஆணையரை அதிகாரம் பெற்ற அலுவலராக நியமித்து இப்போதே ஆணை போட்டுத் தரச் சொல்லிக் கலெக்டரிடம் கேளுங்கள். 2025 திருத்தத்தில் வந்த நகர்ப்புற ஆணையம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும்தான். அதை நம்பி நகராட்சிகள் காத்திருப்பதில் பயனில்லை.

அடுத்து அந்தப் புத்தகம். அதைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே தாளில் ஒரு அட்டவணை போதும்: என்ன நடந்தால், யார், எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்வது. இது இல்லாத ஊரில் ஒவ்வொரு முடிவுக்கும் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று இரண்டு மணி நேரம் போகும்.

மழைக்கு வானிலை மையத்தின் வகைப்பாடு 24 மணி நேரக் கணக்கு: 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. ஆனால் ஆரஞ்சு எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் வருவது, உங்கள் வடிகால் நிரம்புவதோ ஒரு மணி நேர மழையில். அதனால் நகராட்சி அலுவலக மாடியில் ஒரு மழைமானி, தாழ்வான வார்டுகளின் சிறுபாலங்களில் மஞ்சள், சிவப்புக் கோடு. மஞ்சளைத் தொட்டால் பம்ப் நகர வேண்டும். சிவப்பைத் தொட்டால் முகாம் திறக்க வேண்டும். கோட்டைப் பார்த்துச் சொல்ல அதே தெருவில் குடியிருப்பவர்களில் இரண்டு பேர், பெயரும் எண்ணும் தாளில்.

புயலுக்கு 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு வரும், 48-இல் அடுத்த நிலை, 24-இல் எச்சரிக்கை. இங்கேதான் நேரக் கணக்கு தவறுகிறது. கரையைக் கடக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது பலத்த காற்று தொடங்கும் நேரத்திலிருந்து, அது பல மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். கஜா 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. அப்படிப்பட்ட புயலுக்கு முந்தைய நாள் பிற்பகலுக்குள் குடிசைவாசிகள் முகாமில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு யாரும் கிளம்ப மாட்டார்கள், பஸ் ஓட்டவும் ஆள் வராது.

ஆறு இருப்பதால் இன்னொன்று. மேலே அணையில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று செய்தி வரும்போது, அது உங்கள் ஊரில் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. நீர்வளத்துறை உதவிப் பொறியாளரை உட்கார வைத்து, எத்தனை கன அடிக்கு எந்தக் கரை வழியும், வந்து சேர எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. தென்பெண்ணை கீழ்ப்பகுதியில் அன்று மிகவும் தேவைப்பட்டது இந்தக் கணக்குதான்.

ஓடைக்கரை:
பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். மன்றத்தில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு ஹெக்டேர் குடியிருப்பில் ஓர் அடித் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 30 லட்சம் லிட்டர். 5 எச்பி பம்ப் நல்ல நிலையில் மணிக்கு சுமார் ஒரு லட்சம் லிட்டர் தள்ளும் என்று வைத்துக்கொண்டாலும் 30 மணி நேரம் ஆகும், அதுவும் மழை நின்றிருந்தால். மணிக்கு 10 மி.மீ. மழை தொடர்ந்தால் அந்த ஹெக்டேரில் விழுவதே மணிக்கு ஒரு லட்சம் லிட்டர். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், மட்டம் இறங்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதுவும் ஒரு நகராட்சிதான். அந்த அளவு மழைக்கு எந்தப் பம்பும் பதில் இல்லை, ஆட்களை நகர்த்துவது மட்டுமே வழி.

ஆகவே பணத்தை முதலில் வடிகாலில் போடுங்கள். தூர்வாருவதைக் கடல் முகத்திலிருந்து மேல்நோக்கிச் செய்ய வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் மேலே அள்ளியது கீழே வந்து அடைக்கும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்து விட்டுப் போகும் ஒப்பந்ததாரருக்கு, மண்ணை அகற்றாமல் பில் போடாதீர்கள். முதல் மழையிலேயே அது திரும்ப உள்ளே போய்விடும். சிறுபாலங்களுக்கு அடியில் போகும் கேபிள், குடிநீர்க் குழாய்களில்தான் பிளாஸ்டிக் சிக்கி அணை போல் நிற்கும். மழை நாட்களில் அங்கே கொக்கிக் கம்பியுடன் ஆள் வேண்டும்.

கடல் ஏற்றத்தின்போது வடிகால் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் வெளியேறாது, மதகு சரியில்லை என்றால் உள்ளேயும் ஏறும். ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை. அந்த அட்டவணையைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுங்கள். மதகுப் பலகையும் திருகும் கைப்பிடியும் யாரிடம் இருக்கின்றன என்று இப்போதே கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

பம்ப் தேவைப்படும் இடம் சுரங்கப்பாதை, மருத்துவமனை வளாகம், தண்ணீர் தானாக வடிய வழியில்லாத கிண்ணம் போன்ற தெருக்கள். நீரை விடும் இடம் வேறு வடிகாலாக இருக்க வேண்டும். அதே ஓடையின் மேல்பக்கத்தில் விட்டால் சுற்றிச் சுற்றி அதே தண்ணீரைத்தான் இறைப்பீர்கள். ஓடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சின் இல்லை: சக்ஷன் ஹோஸில் (உறிஞ்சும் குழாயில்) காற்றுக் கசிவு, அதன் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் பாலிதீன், சேர்த்து வைக்காத கிளாம்பு. ஒவ்வொரு பம்புக்கும் ஒரு சாக்கில் மாற்று ஃபுட் வால்வு, நான்கு கிளாம்பு, கம்பி வலைக் கூடை. கூடைக்குள் வைத்தே ஃபுட் வால்வை இறக்க வேண்டும். வாரம் ஒரு முறை தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து அணைப்பது சோதனை ஆகாது.

டீசல்: 5 எச்பிக்கு மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். நான்கு பம்ப், மூன்று நாள் என்றால் 350 லிட்டர் வரை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இல்லாத பங்க்கில் டீசல் கிடைக்காது. பேரலில் முன்பே வாங்கி வையுங்கள்.

கூடுதல் பம்ப் வாடகைக்குத்தான். ஆகஸ்டிலேயே விலை ஒப்பந்தம் முடித்து, ஆபரேட்டருடன் வர வேண்டும், கூப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும், சும்மா நிற்கும் நாளுக்கு ஒரு விலை, ஓடும் மணிக்கு ஒரு விலை என்று எழுதுங்கள். ஒரே ஆள் மூன்று ஊருக்கு அதே பம்ப்பைக் காட்டியிருப்பார். வண்டி எண், எஞ்சின் எண் வாங்கிப் பக்கத்து நகராட்சிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாசில்பண்ணை:
வாடகை சரி, ஆனால் சுரங்கப்பாதைக்கு மட்டும் சொந்தப் பம்ப் வேண்டும், அதுவும் அங்கேயே நிரந்தரமாகப் பொருத்தியது. ஊர் இரண்டாகத் துண்டான பின் வாடகை பம்ப் எந்த வழியாக வரும்?

அவசரக் கொள்முதலுக்குப் பிரிவு 50 இருக்கிறது. மாவட்ட ஆணையம் அனுமதித்தால் டெண்டர் இல்லாமல் வாங்கலாம். பொருள் பயன்பட்டது என்று அதிகாரம் பெற்ற அலுவலர் தரும் சான்றே கணக்குக்குச் செல்லுபடியாகும். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழி உத்தரவு தணிக்கையில் நிற்காது.

குளோரின்டப்பா:
முகாம் கணக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, குடிக்க மட்டும் நாளுக்கு 3 லிட்டர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை 37 சதுர மீட்டர், அதாவது 10 பேர். உங்கள் புத்தகத்தில் "நடுநிலைப் பள்ளி, 500 பேர்" என்று இருந்தால் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். புயல் இரவுக்கு நெருக்கியடித்து இருப்பார்கள், மூன்றாம் நாள் தாங்காது. ஓர் இரவுக் கொள்ளளவு, ஒரு வாரக் கொள்ளளவு என்று இரண்டு எண்ணாக எழுதுங்கள்.

முகாம் பெரும்பாலும் கழிப்பறையில்தான் தோற்கும். செப்டிக் டேங்க் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால் முதல் நாளே பின்வாங்கும். பெண்கள் பக்கத்தில் விளக்கும் தாழ்ப்பாளும் இல்லையென்றால் இரவில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சாவி இரண்டு: ஒன்று தலைமையாசிரியரிடம், மற்றது பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் குடியிருக்கும் நகராட்சி ஊழியரிடம். மழை விடுமுறை விட்டால் ஆசிரியர்கள் வெளியூரில் இருப்பார்கள்.

குடிநீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் வழக்கமான கணக்கு. ஒரு லட்சம் லிட்டருக்கு 400 கிராம். பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால்தான் இது பொருந்தும். ஈரத்தில் திறந்து கிடந்த மூட்டையில் அந்த வீரியம் இருக்காது, அதனால் அளந்து போட்டதை நம்பாமல் தெருக்கோடிக் குழாயில் சோதியுங்கள். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மீதம் இருக்க வேண்டும். பவுடரை வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள், சுண்ணாம்புக் கசடு உள்ளே போக வேண்டாம்.

வார்டுவாரியாக ஒரு பட்டியல்: பிரசவ தேதி நெருங்கியவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள். கர்ப்பிணிகள் பட்டியலை பிக்மி என்ற கர்ப்பிணிகள் பதிவிலிருந்து நகர்ப்புற சுகாதார நிலையமே தரும். 48 மணி நேர அறிவிப்பு வந்ததுமே இவர்கள் நகர வேண்டும். ஆம்புலன்ஸ் தண்ணீரில் நீந்தாது.

கடைமடை:
நன்றி. இரண்டு சந்தேகம். மாதிரி ஒத்திகை நடத்தச் சொல்கிறார்கள், அது உண்மையில் பயன்படுமா? மரம் விழுந்தால் இரண்டு பவர் சா போதுமா?

ஓடைக்கரை:
மரத்துக்கு ஆளும் செயினும்தான் தட்டுப்பாடு. மண்ணில் பட்டால் செயின் உடனே மழுங்கும். ஒரு மெஷினுக்குக் குறைந்தது நான்கு செயின், அரம், 2டி ஆயில், பார் ஆயில். எந்தச் சாலை முதலில் என்று வரிசை எழுதுங்கள்: மருத்துவமனை, துணை மின் நிலையம், குடிநீர் நீரேற்று நிலையம், பிறகு மற்றவை. கம்பியோடு விழுந்த மரத்தை மின்வாரியத்திடம் எல்.சி. (லைனை அணைத்துவிட்டதற்கான அனுமதி) வாங்காமல் தொடவே கூடாது. ஃபீடரை (அந்தப் பகுதிக்கு வரும் மின்தடத்தை) அணைத்திருந்தாலும் யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைச் சரியாகப் பிரிக்காமல் போட்டிருந்தால் கம்பியில் பின்னாலிருந்து மின்சாரம் வரும்.

தாசில்பண்ணை:
பந்தல் போட்டு, படகில் ஏற்றிப் புகைப்படம் எடுக்கும் ஒத்திகை பயன்படாது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பட்டியலில் உள்ள எல்லோரையும் கூப்பிடுங்கள். எத்தனை பேர் எடுத்தார்கள், அரை மணி நேரத்தில் எத்தனை முகாமின் கதவு திறந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை அக்டோபருக்குள் இரண்டு முறை.

30 வார்டும் நேரடியாக உங்களுக்கே போன் செய்தால் நீங்கள் போனைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. ஐந்து வார்டுக்கு ஒரு மண்டல அலுவலர், ஆறு பேர் மட்டும் உங்களிடம் பேசட்டும். செல்போன் டவர் பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் அமைதியாகிவிடும். அதனால் போன் இல்லாவிட்டாலும் காலை 6, மதியம் 12, மாலை 6 மணிக்கு ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் ஒருவர் டூவீலரிலோ நடந்தோ வந்து சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். காவல் நிலைய வயர்லெஸ் மாவட்டத்தோடு பேச மட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணான 1077-க்கு நீங்கள் சொன்னதையும் அவர்கள் உங்களுக்குச் சொன்னதையும் நேரத்தோடு ஒரே நோட்டில் எழுத, வேறு வேலை எதுவும் தராமல் ஓர் எழுத்தரை உட்கார வையுங்கள். பம்ப் ஓடிய மணி, முகாமில் சாப்பிட்டவர் எண்ணிக்கை எல்லாம் அதே நோட்டில். பில் கொடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.