கைபேசி வரைபடம்: வடக்கு மேலே நிற்பதா, நடப்பவரோடு சுழல்வதா?

கேள்வி:
வணக்கம். கொழும்பின் புறக்கோட்டைக் கடைத்தெருக்களுக்குப் பொருள் வாங்க வருவோருக்கான வழிகாட்டிச் செயலி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். குறுக்குத் தெருக்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், கடையை விட்டு வெளியே வந்ததும் பலர் திசை தடுமாறுகிறார்கள். வரைபடம் நடப்பவரோடு சுழல வேண்டுமா, வடக்கு எப்போதும் மேலேயே நிற்க வேண்டுமா?

மறுமொழி 1:
நடக்கும்போது சுழலட்டும். கண்முன் இடப்பக்கம் இருப்பது திரையிலும் இடப்பக்கமே இருந்தால், மனத்துக்குள் படத்தைத் திருப்பிப் பார்க்கும் வேலை மிச்சமாகும். ஆனால் அப்படியே பழகியவருக்கு ஊரின் முழு அமைப்பு மனத்தில் பதிவது குறைவு. ஆகவே படத்தைச் சுருக்கியதும் வடக்கு மேலே வரட்டும்.

மறுமொழி 2:
அடையாளங்களை மறந்துவிடாதீர்கள், அதுதான் என் பெரிய கவலை. “200 மீற்றரில் வலப்பக்கம்” என்று நம்மவர் வழி சொல்வதில்லை. இரண்டாம் குறுக்குத் தெருவென்றால் சிவப்புப் பள்ளிவாசலைத்தான் சொல்வார்கள். நகரத்தின் மனப்படத்தைப் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளம் என ஐந்தாக நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இலேயே வகுத்தார். கொழும்பின் தெளிவான விளிம்பு கடல்: காலி வீதியில் தெற்கே செல்பவருக்கு அது வலப்பக்கம். கடல் இருக்கும் பக்கத்தைத் திரையோரத்தில் எப்போதும் காட்டுங்கள்.

மறுமொழி 3:
நெருக்கமான கட்டடங்களில் ஜிபிஎஸ் சமிக்ஞை தெறிப்பதால், நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவக்கூடும். எனவே பிழையின் அளவுக்கேற்ப விரியும் வட்டத்தைப் புள்ளியைச் சுற்றிக் காட்டி, திசை உறுதியில்லாதபோது அம்புக்குறியை மறைத்துவிடுங்கள்.