ராஜு மாமாவின் 58

குழு: மெர்பேங்க் வீடு

ஞாயிறு

சாந்தி: [படம்]

சாந்தி: பிரவீனின் முட்டி. காலையில் ராஜு மாமாவின் சைக்கிளில் உம்லாங்கா வரை போய்த் திரும்பும்போது ரோபோவில், அதுதான் சிக்னல் விளக்கில், சிவப்பு விழுந்து நின்றிருக்கிறான், நின்ற இடத்திலேயே சைக்கிளோடு சாய்ந்துவிட்டான். பின்னால் ஒரு டாக்சி வந்திருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

செல்வா: ஐயோ

நிஷா: எலும்புக்கு ஒன்றும் இல்லையே?

பிரவீன்: இல்லை அக்கா. தோல் மட்டும்தான்.

ஆயா: [குரல் பதிவு 0:52]

தேவி: ஆயா மஞ்சள் வைத்துக் கட்டச் சொல்கிறார். அப்புறம் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்கிறார், திதிக்கு வேண்டும்.

சாந்தி: போன மாரியம்மன் கூழுக்கு எடுத்துப் போனது குமார்தான்.

குமார்: அண்டா அப்புறம். பிரவீன், ஓட்டும்போது எப்படி இருந்தது? கழுத்து பிடித்ததா? கை மரத்ததா?

பிரவீன்: இரண்டும் மாமா. திரும்பி வரும்போது சுண்டுவிரல் இரண்டிலும் உணர்ச்சியே இல்லை. பிரேக் பிடிக்க ஒவ்வொரு முறையும் சீட்டின் நுனிக்கு நகர வேண்டியிருந்தது.

குமார்: நினைத்தேன்

தேவி: சீட்டை இறக்கித்தானே கொடுத்தேன் தம்பி. பெடல் எட்டுகிறது என்றானே.

குமார்: சீட்டை இறக்கினால் பெடல் எட்டும் அண்ணி, அதனால்தான் சைக்கிள் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். அண்ணனுடைய பிரேம் 58. அந்த 58 என்பது பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டுக் குழாயின் மேல்முனை வரைக்கும் உள்ள சென்டிமீட்டர். குழாய் அவ்வளவு உயரம் என்றால் பாரும், அதாவது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் மேல்குழாயும், அதற்கேற்ற நீளம்தான் இருக்கும். அண்ணனுடையதில் பார் ஏறக்குறைய 57, இவன் உயரத்துக்கு 53 இருந்தால் போதும். சீட்டை எவ்வளவு இறக்கினாலும் அந்த நாலு சென்டிமீட்டர் குறையாது. அதை உடம்பு எட்டிப் பிடிக்கிறது, எடை முழுக்கக் கையில் விழுகிறது, விரல் மரக்கிறது, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதால் கழுத்து வலிக்கிறது. விழுந்ததற்கும் இதேதான் காரணம். அந்தப் பார் தரையிலிருந்து 82 இருக்கும், சீட்டை விட்டு இறங்கி இரண்டு காலையும் ஊன்றி நின்றால் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இவனால் ஒரு காலை மட்டும்தான் ஊன்ற முடிந்திருக்கும், சைக்கிள் மறுபக்கம் சாய்ந்தால் பிடிக்க வழியே இல்லை.

பிரவீன்: அப்படியேதான் மாமா. இடது கால் ஊன்றினேன், வலது பக்கம் சாய்ந்தது.

சாந்தி: இதைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே குமார்.

குமார்: கொடுத்ததே எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும் அக்கா.

தேவி: அவர் நினைவாக அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் ஓட்டட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நிஷா: அம்மா, யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை.

செல்வா: மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை இறக்கம்தானே, பெரும்பாலும் உருண்டே வந்துவிடலாம்

குமார்: 106 கிலோமீட்டர் செல்வா. இன்சாங்கா ஏற்றத்தில் ஒரு தடவை வந்து பார். நானும் அண்ணனும் ஒன்பது வருடம் சேர்ந்து ஓட்டினோம், ஒரு வருடம்கூட அங்கே நாங்கள் பேசிக்கொண்டது கிடையாது, மூச்சு இருக்காது. பொருந்தாத சைக்கிளில் அந்த ஏற்றத்தை ஏறினால் முட்டியே போய்விடும். சீட்டு தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், உயரமாக இருந்தால் பின்பக்கம். கீழே இறங்கும்போது இன்னும் ஆபத்து, ஃபீல்ட்ஸ் ஹில்லில் பிரேக் கைக்கு எட்டாமல் இறங்குவதை நினைத்துப் பார்.

ஆயா: [குரல் பதிவு 1:17]

தேவி: ஆயா பேசுவதில் பாதி எனக்கும் கேட்கவில்லை, ஃபோனைத் தள்ளிப் பிடித்திருக்கிறார். புரட்டாசியில் பையன் பருப்பு மட்டும் சாப்பிட்டுவிட்டு இவ்வளவு தூரம் ஓட்டக்கூடாது என்கிறார்.

சாந்தி: சுகர் பீன்ஸ் கறி தினமும் வைக்கிறேன் அம்மா. இரண்டு தட்டு சாப்பிடுகிறான்.

நிஷா: எனக்குப் பசிக்கிறது. கேப் டவுனில் அந்த சுகர் பீன்ஸ் கறி கிடைக்காது.

குமார்: பிரவீன், உயரம் எவ்வளவு?

பிரவீன்: 170

குமார்: உள்கால் அளவு?

பிரவீன்: ஜீன்ஸில் 32 என்று போட்டிருக்கிறது

குமார்: அதை நம்பாதே. செருப்பைக் கழற்று. சுவரில் முதுகு ஒட்டி நில், பாதங்கள் நடுவே ஒரு சாண் இடைவெளி. தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து முதுகுப்பக்கத்தை மேலே பார்க்க வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்கு. புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைக்கு டேப் பிடி. மூன்று தடவை அள.

பிரவீன்: இப்போதா?

சாந்தி: இப்போதேதான். போ.

நிஷா: சித்தப்பா, உயரத்தை வைத்துச் சொல்லும் அட்டவணையை மட்டும் பார்க்காதீர்கள். நான் 163. இங்கே ஒரு கடையில் அட்டவணையைப் பார்த்து 52 கொடுத்துவிட்டார்கள், எனக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. ஆறு மாதம் தோள்பட்டை வலி. பிறகு 49க்கு மாறினேன், சீட்டு மேலே ஏறி நிற்கிறது, ஆனால் கை இளகலாக இருக்கிறது. இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் கால் நீளமானவர்களுக்குச் சின்னது, உடம்பு நீளமானவர்களுக்குப் பெரியது. ஒரே ஒரு சங்கடம், சின்ன பிரேமில் மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசுகிறது. பழகிவிட்டது.

குமார்: சரியாகச் சொன்னாய் நிஷா. அண்ணன் பெண் அல்லவா.

செல்வா: 2017இல் காற்றில் கேப் டவுன் சைக்கிள் டூர் பந்தயத்தையே நிறுத்தினார்களே, அப்போது நீ எந்த சைக்கிளில் இருந்தாய்

நிஷா: 52இல். சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவே முடியவில்லை சின்ன சித்தப்பா, அன்றைக்கு எந்த அளவாக இருந்தாலும் பறந்திருக்கும்.

பிரவீன்: 78. 79. 78.

குமார்: 78 என்று வைத்துக்கொள்வோம். 78ஐ 0.665ஆல் பெருக்கு, 51.9. அதாவது 52 பிரேம். சீட்டு உயரத்துக்கு 0.883ஆல் பெருக்க வேண்டும், பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை 68.9. இந்த 0.883 டூர் தி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று தடவை ஜெயித்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் எழுதிப் பரவிய கணக்கு, தொடங்க ஒரு இடம் கொடுக்கும், அப்புறம் ஓட்டிப் பார்த்து ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்க வேண்டியதுதான். கணக்கு வேண்டாம் என்றால் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளு, கால் நேராக வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி தானே கொஞ்சம் மடங்கி நிற்கும்.

குமார்: இன்னொன்று. 52 என்று எழுதியிருப்பதாலேயே இரண்டு கம்பெனிச் சைக்கிள் ஒன்றாகிவிடாது. ஒருவர் சீட்டுக் குழாயில் பார் வந்து சேரும் இடத்தின் நடுவரை அளப்பார், ஒருவர் குழாயின் மேல்முனை வரை. 1990களின் கடைசியில் ஜயன்ட் கம்பெனி பாரைச் சாய்த்து வைத்து எஸ், எம், எல் என்று விற்க ஆரம்பித்த பிறகு சீட்டுக் குழாயின் எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடிவதில்லை. இப்போது பார்க்க வேண்டியது ஸ்டாக், ரீச் இரண்டும்தான். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் நுழையும் குழாயின் உச்சி எவ்வளவு மேலே இருக்கிறது, எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று. எந்தக் கம்பெனியானாலும் அந்த இரண்டையும் ஒப்பிடலாம்.

சாந்தி: எனக்கு 52 என்பது மட்டும் புரிந்தது. அதுபோதும்.

செல்வா: ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் அந்த ஸ்டெம், அதைச் சின்னதாகப் போட்டால் ஆகாதா? அதற்கு எவ்வளவு ஆகிவிடப்போகிறது

குமார்: அண்ணனுடையது 120 மில்லிமீட்டர். 100 போடலாம், சரி. நாலு சென்டிமீட்டரையும் அதிலேயே குறைக்க 80 போட்டால் ஹேண்டில்பார் தொட்டதற்கெல்லாம் திரும்பும், இறக்கத்தில் வேண்டாத வேலை. பார் உயரம் அப்போதும் 82தானே. சீட்டை முன்னால் தள்ளி எட்டவைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே பிரவீன், சீட்டு இருக்க வேண்டிய இடம் காலை வைத்து முடிவாகிறது, கையை வைத்து இல்லை.

செல்வா: நான் 183. உள்கால் 87. எனக்கு என்ன வரும்?

குமார்: 57.9

செல்வா: அண்ணன் அளவேதான்

சாந்தி: செல்வா.

செல்வா: அளவைத்தான் கேட்டேன் அக்கா

சாந்தி: பதினாறாம் நாள் பந்தலைப் பிரிப்பதற்குள் சைக்கிளைக் கேட்டாய், அதுவும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

செல்வா: அன்றைக்கு நான் கேட்டது தப்பு. அண்ணியிடம் நேரில் சொல்லிவிட்டேன். அண்ணன் கை பட்ட ஏதாவது ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்றுதான் வாயில் வந்துவிட்டது, விற்க இல்லை. இப்போதும் சொல்கிறேன், எல்லோர் முன்னாலும்.

நிஷா: சரி சித்தப்பா. விடுங்கள்.

தேவி: சொன்னார், உண்மைதான். அதை விட்டுவிடு சாந்தி.

தேவி: நான் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டுக்குக் கீழே இருக்கிற அந்தக் கம்பியில் அவர் ஒரு கீறல் போட்டிருந்தார், காம்பஸ் முனையால், நிஷாவின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து எடுத்து. சைக்கிளைக் காரில் ஏற்றச் சீட்டை இறக்குவார், இறக்கிய இடத்தில் அந்தக் கீறல் வரை மறுபடி ஏற்றுவார், ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தெரியும். போன வாரம் பிரவீனுக்காக இறக்கினேன், கீறல் குழாய்க்குள் போய்விட்டது. அன்றைக்கே மனதில் ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் கொடுத்துவிட்டதை எப்படித் திரும்பக் கேட்பது.

பிரவீன்: அத்தை, எனக்குத் தெரியாது. நான் மறுபடி ஏற்றி வைக்கிறேன்.

குமார்: எட்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும் அண்ணி. 76.8லிருந்து 68.9.

சாந்தி: எண் எல்லாம் இப்போது எதற்கு.

குமார்: இல்லை அக்கா, அண்ணன் கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது என்று சொல்ல வந்தேன். 87ஐ 0.883ஆல் பெருக்கினால் 76.8தான். அந்தக் கீறலை நானும் அளந்திருக்கிறேன்.

நிஷா: எனக்கு அந்தக் காம்பஸ் கிடைக்காமல் டீச்சரிடம் அடி விழுந்தது அம்மா 😭

பிரவீன்: ஒரு யோசனை. மாமாவின் சக்கரத்தை மட்டும் வேறு சைக்கிளில் போட முடியுமா?

குமார்: முடியும். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சக்கரம் எல்லா அளவு ரோடு பைக்கிலும் பெரும்பாலும் அதே 700சி அளவுதான். அண்ணனுடையது சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக், நெம்பைத் திருப்பினால் சக்கரம் கழலும் குயிக் ரிலீஸ். இப்போது வருகிற டிஸ்க் பிரேக் பிரேமில் ஏறாது, அதனால் பழைய ரிம் பிரேக் பிரேம்தான் தேட வேண்டும், பழையதில் விலையும் குறைவு. கியர், பிரேக் பிடி, சக்கரம் எல்லாம் மாற்றிவிடலாம். பெடலைத் தாங்கும் கிராங்க் வேண்டாம், அது 175 மில்லிமீட்டர், இவனுக்கு 170 போதும், நீளமான கிராங்க் முட்டியைக் கூடுதலாக மடக்கும். ஹேண்டில்பாரும் வேண்டாம், அண்ணன் தோள் அகலம் 44, பிரவீனுக்கு 40. நார்த்டேலில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் 52 அலுமினியப் பிரேம் சும்மா கிடக்கிறது, நாளைக்குக் கேட்கிறேன்.

தேவி: அதைப் பிரித்துப் போடுவதா?

குமார்: சக்கரம் மட்டும்கூடப் போதும் அண்ணி. மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தேவி: தெரியவில்லை தம்பி. யோசிக்கிறேன்.

செல்வா: அவசரம் இல்லை அண்ணி

சாந்தி: அவசரம்தான், பந்தயம் அக்டோபரில். அதற்கு முந்தைய சனிக்கிழமை திதி. பிரவீன் அன்றைக்கு இரவு குமார் வீட்டில் தங்கினால்தான் விடிகாலையில் புறப்படும் இடத்துக்குப் போக முடியும். படையல் முடிந்து எத்தனை மணிக்கு அனுப்புவது?

குமார்: மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும்.

தேவி: ஐயர் மதியம் ஒன்று என்கிறார். காக்கைக்கு வைத்து எல்லோரும் சாப்பிட மூன்று ஆகிவிடும்.

ஆயா: [குரல் பதிவு 0:23]

நிஷா: இந்த முறை தெளிவாகக் கேட்டது. "அண்டா எங்கே?"

குமார்: அண்டா என்னிடம் இல்லை, நான் அதை மாரியம்மன் முடிந்த மறுநாளே சாந்தி அக்கா வீட்டில் வைத்துவிட்டேன்.

சாந்தி: என் வீட்டிலா? இல்லவே இல்லை.

பிரவீன்: கராஜில் ஒன்று இருக்கிறது அம்மா. பெயின்ட் டின்னுக்குப் பின்னால்.

சாந்தி: அது அண்டா இல்லை, அது பெரிய குண்டான்.

திங்கள்

குமார்: பிரேம் பார்த்தேன். பார் 53, கீறல் ஏதும் இல்லை, ஹேண்டில்பார் குழாய் அருகே விரிசல் இருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார்த்தேன், இல்லை. அவர் வெள்ளி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார். பிரவீன், உள்கால் அளவை இன்னொருவர் பிடிக்க அளந்துவிடு, நீயே குனிந்து டேப்பைப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் தவறும்.

பிரவீன்: வேலை முடிந்து மெர்பேங்க் போகிறேன் மாமா. அத்தையைப் பிடிக்கச் சொல்கிறேன். சைக்கிளையும் கொண்டுபோகிறேன்.

தேவி: வா. சீட்டைக் கீறலில் வைத்துக் கொண்டு வா.

நிஷா: அம்மா, சக்கரம்?

தேவி: முதலில் அளக்கலாம்.

பிரவீன்: அத்தை, முன்கதவு பூட்டியிருக்கிறது. மணி அடித்தேன்.

தேவி: பின்பக்கம் வா. டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.