பெரியப்பா, உங்கள் தொழில்காரர் ஒருவரைப் பார்த்தேன்

நான்: கொலோசியம் படம் கேட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெரியப்பா இந்த 4 படத்தையும் பார்க்க வேண்டும்.

அம்மா: சாப்பிட்டாயா?

பெரியப்பா: என்னடா இது, தண்ணீர்த் தொட்டியா? வட்ட வட்டமாக ஓட்டை விட்டு, பாதியில் காசு தீர்ந்து நிறுத்திய கட்டடம் மாதிரி இருக்கிறது.

நான்: ரோம் நகரத்துச் சமாதி பெரியப்பா. 2,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே இருந்தவர் பேக்கரிக்காரர், பெயர் மார்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசாசஸ்.

சின்ன மாமா: பேக்கரிக்காரருக்கு இவ்வளவு பெரிசா? அண்ணே, நீங்களும் இப்போதே இடம் பார்த்துவிடுங்கள்.

பெரியப்பா: உன் கடனை அடை, அப்புறம் இடம் பார்க்கிறேன்.

அக்கா: மேலே ட்ராம் கம்பி போகிறதே, நடு ரோட்டிலா இருக்கிறது?

நான்: ஆமாம் அக்கா. போர்தா மஜோரே என்று பெரிய கல் வாசல், அதை ஒட்டினாற்போல் இது, சுற்றி ட்ராம் தண்டவாளம். டெர்மினி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தேன், ஆனால் தப்பான பக்கம் இறங்கி ரோட்டை மூன்று தடவை கடக்க வேண்டியதாயிற்று. டிக்கெட் கிடையாது, உள்ளேயும் விட மாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். உயரம் சுமார் 10 மீட்டர்.

அக்கா: ஊருக்கு நடுவில் யார் சமாதி கட்ட விட்டது?

நான்: அப்போது இது ஊருக்கு வெளியே. ஊருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று சட்டம், அதனால் பணம் உள்ளவர்கள் வெளியே போகும் சாலையோரமாகக் கட்டிக்கொள்வார்கள். இவர் பிடித்தது இரண்டு சாலை பிரியும் முக்கு. மனை கோணல், அதற்குத் தகுந்தபடி கட்டடமும் கோணல். பிறகு கி.பி. 52இல் கிளாடியஸ் பேரரசர் காலத்தில் தண்ணீர் கொண்டுவரும் மேல்வாய்க்கால் இதை உரசினாற்போல் வந்தது, 271இல் ஆரேலியன் பேரரசர் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், அதற்கும் பின்னால் இதன் மேலேயே ஒரு காவல் கோபுரத்தைக் கட்டிவிட்டார்கள். 1838இல் அந்தக் கோபுரத்தை இடித்தபோதுதான் உள்ளே இது இருந்ததே தெரிந்தது.

பெரியப்பா: அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஓட்டை என்ன?

நான்: மாவு பிசையும் மெஷின் என்று பலர் சொல்கிறார்கள். பாம்பெய் என்ற பழைய ரோமானிய ஊரின் பேக்கரிகளில் அந்த மாதிரி வட்டக் கல் தொட்டி கிடைத்திருக்கிறது. தானியம் அளக்கும் படி என்று சொல்பவர்களும் உண்டு.

பெரியப்பா: மெஷின்தான். படியைப் போய் எவனாவது படுக்க வைப்பானா? அதுவும் மூன்று வரிசையாக அடுக்கியிருக்கிறான், என் கடையில் எத்தனை மெஷின் ஓடுகிறது பார் என்கிறான்.

நான்: மேல் விளிம்பில் சிற்பம் ஓடுகிறது, பெரிதாக்கிப் பாருங்கள். தெற்குப் பக்கம் கோதுமை வந்து இறங்குகிறது, கழுதை சுற்றி மாவு அரைக்கிறது, சல்லடையில் சலிக்கிறார்கள். வடக்குப் பக்கம் பிசைவது, மேசையில் நின்று உருட்டுவது, அடுப்பில் வைப்பது. மேற்கே கூடை கூடையாகக் கொண்டுபோய்த் தராசில் நிறுக்கிறார்கள்.

பெரியப்பா: மேசை ஓரம் ஒருத்தர் வேலை செய்யாமல் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார் பார், அவர்தான் முதலாளி.

சின்ன மாமா: எப்படித் தெரியும்?

பெரியப்பா: நாற்பது வருஷமாக நான் அப்படித்தான் நிற்கிறேன்.

அக்கா: 😂😂

நான்: கல்வெட்டில் பேக்கரிக்காரர், ஒப்பந்தக்காரர் என்று இரண்டும் போட்டிருக்கிறது. கடைசியில் 'அப்பாரெத்' என்று ஒரு சொல். 'பார்த்தாலே தெரியுமே' என்று அவர் சொல்வதாக ஒரு விளக்கம், அரசாங்க அதிகாரிக்குக் கீழே வேலை பார்த்தவர் என்பதைச் சுருக்கி எழுதியது என்று இன்னொரு விளக்கம். எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. இன்னொன்று, அதில் அப்பா பெயர் இல்லை. சுதந்திரமாகப் பிறந்த ரோமானியர்கள் அதை வழக்கமாகப் போடுவார்கள். யூரிசாசஸ் என்பதும் கிரேக்கப் பெயர், அதனால் அடிமையாக இருந்து விடுதலையானவராக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

அம்மா: பாவம். கல்யாணம் ஆனவரா?

நான்: மனைவி அதிஸ்தியா. பக்கத்தில் கிடைத்த இன்னொரு கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. மிக நல்ல பெண்ணாக வாழ்ந்தாள், அவள் உடலில் மிஞ்சியது இந்த ரொட்டிக் கூடையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது.

அம்மா: ரொட்டிக் கூடையிலா?

நான்: ஆமாம்மா. எரித்து மிஞ்சியதைத்தான் அப்படிச் சொல்கிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கிற சிலையும் கிடைத்தது, அதில் பெண்ணின் தலையை 1934இல் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா: அட கடவுளே.

பெரியம்மா: இவர் என்னை எந்த டப்பாவில் போடுவார் என்று கேட்டுச் சொல்.

பெரியப்பா: நீ எப்போது குழுவுக்குள் வந்தாய்?

பெரியம்மா: துணி சுற்றி நின்ற முதலாளி வந்தபோது. நாற்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார்?

சின்ன மாமா: அண்ணே, பதில் சொல்லுங்கள் 😂

பெரியப்பா: தம்பி, ஒப்பந்தம் என்றாயே, அரசாங்கத்துக்கா? பணம் ஒழுங்காக வந்திருக்கிறது போல, இல்லாவிட்டால் இவ்வளவு கல் எப்படி வாங்குவது. நமக்கு அந்த விடுதிக்காரன் மூன்று மாதப் பன் காசு இன்னும் தரவில்லை.

பெரியப்பா: அடுப்புப் படம் மங்கலாக இருக்கிறது. ரொட்டியைத் தள்ளும் நீளக் கம்பு எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நான்: அது வடக்குப் பக்கம், நிழலில் இருக்கிறது, முன்னால் ட்ராம் கம்பி வேறு. நாளைக் காலையில் ஒருமுறை வந்து பார்க்கிறேன்.

பெரியப்பா: வா. தராசையும் தனியாக எடு, கடையில் மாட்ட வேண்டும்.

அம்மா: சாப்பிட்டாயா என்று கேட்டேன்.