பிராம்ஸின் முதல் சிம்பொனி: ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டது

ஜெர்மனியில் வேலை பார்த்தபோது, 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனியை, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்காக நான்கு பகுதிகளில் எழுதிய பெரிய இசையை, நேரில் கேட்டேன். நல்ல டிக்கெட்டெல்லாம் தீர்ந்துபோய், மேடைக்குப் பின்பக்கம், ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டரின் முகத்தைப் பார்க்கிற இருக்கைதான் கிடைத்தது. இந்த இசைக்கு அதுதான் சரியான இடம் என்பேன்.

ஆரம்பமே ஆளை உலுக்கிவிடும். டிம்பனி என்கிற பெரிய முரசு சி ஸ்வரத்தை விடாமல் அடிக்கிறது; அடிக்குரல் தந்தி வாத்தியங்களான டபுள் பாஸ்களும் அதிலேயே ஊன்றி நிற்கின்றன. அதற்கு மேலே வயலின்கள் அரை அரை ஸ்வரமாக ஏறுகின்றன, குழல் வாத்தியங்கள் எதிர்த்திசையில் இறங்குகின்றன. 1862-ல் தன் நெருங்கிய தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமனுக்கு பிராம்ஸ் அனுப்பிய முதல் பகுதியில் இந்தத் தொடக்கமே கிடையாது, பின்னால் சேர்த்ததுதான். பீத்தோவனுக்குப் பிறகு சிம்பொனி எழுதுவதா என்று வருஷக்கணக்கில் தயங்கியவர், 43 வயதில், 1876 நவம்பர் 4 அன்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில்தான் இதை அரங்கேறவிட்டார். அந்தத் தவிப்பு முழுவதும் அந்த டிம்பனி அடியில் கேட்கிறது.

நடுவில் வரும் இரண்டு பகுதிகளும் மென்மையானவை. இரண்டாவதின் கடைசியில் தனி வயலினோடு ஹார்ன் என்கிற சுருள் பித்தளைக் கொம்பு சேர்கிற இடம் அவ்வளவு அழகு. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது டிராம்போன் என்கிற நீண்ட பித்தளை ஊதுவாத்தியக்காரர்கள் மூவரைத்தான். முதல் மூன்று பகுதிகளிலும் அவர்களுக்கு ஒரு ஸ்வரம்கூட இல்லை. சும்மா காத்திருக்கிறார்கள்.

நான்காவது பகுதி மறுபடியும் சி மைனர் என்கிற சோகச் சாயலின் இருட்டில் தொடங்கி, டிம்பனி உருண்டு அடங்கியதும் சட்டென்று வெளிச்சமான சி மேஜருக்குத் திறக்கிறது. ஹார்ன் வருகிறது. 1868-ல் சுவிட்சர்லாந்திலிருந்து கிளாராவின் பிறந்தநாளுக்கு பிராம்ஸ் எழுதி அனுப்பிய, ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் ஊதும் நீண்ட மரக்கொம்பான ஆல்ப்ஹார்னின் மெட்டு இது. "மலை உச்சியிலிருந்தும் பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்தும் உனக்கு ஆயிரமாயிரம் வாழ்த்து" என்று அதற்கு வரிகளும் போட்டிருந்தார். முதல் ஹார்ன்காரர் மூச்சு வாங்குகிற இடத்தில் பக்கத்திலிருப்பவர் அதே ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்கிறார், அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ரெக்கார்டிங்கில் ஒரே மூச்சாகக் கேட்டுப் பழகியிருந்தேன். இங்கே இரண்டு பேரின் தோள்கள் மாறி மாறி ஏறி இறங்குவதை நேரில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

புல்லாங்குழல் அந்த மெட்டை வாங்கிப் பாடியதும், டிராம்போன்கள் ஒருவழியாக வாய் திறக்கின்றன. அதுவும் அடக்கமாக, தேவாலயப் பாட்டுப் போல. அப்புறம் வயலின்கள் பாடும் பெரிய மெட்டு பின்னாலிருந்து கேட்கக் கொஞ்சம் மெலிந்துதான் ஒலித்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முடிவில் அதே தேவாலயப் பாட்டு முழு வாத்தியக் கூட்டத்தோடு முழங்கித் திரும்பியபோது இருக்கையே அதிர்ந்தது. கேட்கப் போகிறவர்கள் ஒருமுறையாவது பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். விலையும் குறைவு.