புதுப்பிப்பு: மொரீசியஸில் மளிகை எங்கே வாங்கினோம்

சமையலறை உள்ள வீடு எடுத்துப் பத்து நாள் மொரீசியஸில் தங்கப் போகிறோம், சாமான் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா, போய்விட்டு வந்தாச்சு. அரிசி, பருப்பு, பால், எண்ணெய்க்கு கிராண்ட் பே என்ற ஊரில் இருக்கும் ‘சூப்பர் யூ’ சூப்பர் மார்க்கெட் போதும். ஞாயிறு மதியத்துக்கு மேல் பல கடைகள் மூடிவிடும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

ஆனால் காய்கறிக்குச் சந்தைதான். நாங்கள் போனது மாஹேபூரில் திங்கட்கிழமை கூடும் சந்தைக்கு. அங்கே முருங்கைக்கீரைக் கட்டைப் பார்த்துவிட்டுப் பெயர் கேட்டால் ‘பிரேத் முரும்’ என்றார் கடைக்கார அம்மா, பிரேத் என்றால் கீரை, நம் முருங்கைதான் அந்த ஊர் நாக்கில் முரும் என்று ஆகியிருக்கிறது, எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அன்று ராத்திரி அதைத்தான் பருப்பு போட்டுக் கடைந்தோம்.

அப்புறம் தால் பூரியை விடாதீர்கள். பட்டாணிப் பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி, இரண்டிரண்டாகத்தான் தருவார்கள், நடுவில் பீன்ஸ் குழம்பும் தக்காளித் தொக்கும் வைத்துக் காகிதத்தில் சுருட்டிச் சூடாகக் கையில் கொடுப்பார்கள். மிளகாய் கேட்டு வாங்குங்கள், ஆனால் கொஞ்சமாக, காரம் நிஜமாகவே அதிகம். சின்ன அன்னாசியைச் சீவி மிளகாய் உப்பு தடவித் தருவதும் அருமை, எங்கள் பையன் தினமும் கேட்டான்.