சீட்டில் "46 – ஆர்.சி.டி" என்று இருக்கிறது, 46 எந்தப் பல்?

நித்யா:
அப்பாவுக்குக் கடைவாய்ப்பல்லில் விண்விண்ணென்று வலி, ராத்திரி தூக்கமே இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு "46 – ஆர்.சி.டி" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இருப்பதே 32 பல், 46 எப்படி வந்தது? ஆர்.சி.டி என்றால் ரூட் கேனால் என்று தெரியும். அதில் வேரையே எடுத்துவிடுவார்களா? அப்பா பயந்துபோய், "பேசாமல் பிடுங்கிவிடலாம்" என்கிறார்.

குமரன்:
வேரை எடுக்க மாட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், பயப்பட வேண்டாம்.

தேன்மொழி:
பல் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். இந்தச் சீட்டோடு குழம்பி நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நாற்பத்தாறு இல்லை, நான்கு–ஆறு என்று படியுங்கள். நோயாளியின் வலது மேல்பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அடுத்த எண் நடு முன்பல்லிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போவது. ஆக, வலது கீழ்வரிசையில் ஆறாவது பல். 48 என்றால் ஞானப்பல். (அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுவார்கள், அங்கே இதே பல் 30.) எதற்கும் சிகிச்சைக்கு முன் அப்பாவையே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ரூட் கேனால் எல்லோருடைய பல்லிலும் இருக்கிறது. வேருக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் போகும் மெல்லிய குழாய்தான் அது. பேச்சு வழக்கில் சிகிச்சைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. 46இல் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று குழாய், சிலருக்கு நான்கு. அந்தக் குழாய்க்குள் நரம்போடு சேர்ந்து கெட்டுப்போன சதையை ஊசி போன்ற ஃபைலால் சுரண்டி, மருந்தால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் மாதிரியான பொருளால் அடைப்பார்கள்.

தயவுசெய்து பயத்தில் பிடுங்கச் சொல்லாதீர்கள். அது ஆறு வயது வாக்கில் முளைத்த பல், மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. பிடுங்கி அப்படியே விட்டால் பின்பல் சாயும், மேல்பல் கீழே இறங்கும். காப்பாற்றவே முடியாத பல் என்றால் மருத்துவரே சொல்லிவிடுவார்.

நித்யா:
இப்போதுதான் புரிந்தது, நன்றி அக்கா. நரம்பு போன பல்லால் கடிக்க முடியுமா?

தேன்மொழி:
நன்றாகக் கடிக்கலாம். சில்லென்ற கூச்சம் அந்தப் பல்லில் இருக்காது. ஆனால் பல்லை எலும்போடு பிடித்திருக்கும் நாருக்கு உயிர் இருப்பதால் கடிக்கும் அழுத்தம் தெரியும். வலி நின்றதும் பலர் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட வருவதே இல்லை. உள்ளே குடைந்த கடைவாய்ப்பல் பிளந்துபோகலாம், அதனால் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.