வாசகர் வட்டத்தின் பன்னிரண்டு நூல்களும் கிழக்கிலங்கை நூல்களாகவே இருக்க வேண்டுமா?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் எங்கள் நூலக வாசகர் வட்டம் அடுத்த ஆண்டுக்கு மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு நூல்களைத் தெரிவு செய்கிறது. உறுப்பினர்கள் தந்த பரிந்துரைகளில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டு நாவல்கள். பன்னிரண்டும் கிழக்கிலங்கை எழுத்தாகவே இருக்கட்டும் என்கிறேன். விமல் குழந்தைவேலின் 'வெள்ளாவி', 'கசகறணம்', உமா வரதராஜனின் 'மூன்றாம் சிலுவை', எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை', நீலாவணனின் 'வேளாண்மை', சோலைக்கிளியின் கவிதைகள் என்று பட்டியல் தானாகவே நீள்கிறது. அக்கரைப்பற்றுச் சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வியாபாரம் செய்த தமிழரும் முஸ்லிம்களும் எப்படிப் பிரிந்துபோனார்கள் என்பதைக் 'கசகறணம்' சொல்கிறது. அதை நாம் பேசாமல் வேறு எந்த ஊர் வட்டம் பேசப்போகிறது?

ஊறணி வாசகி:
அண்ணன், நீங்கள் சொன்ன நூல்கள் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. 'வெள்ளாவி'யைச் சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கைக்காகவே இரண்டு தரம் வாசித்தவள் நான். ஆனால் பன்னிரண்டு மாதமும் ஊர் நூல் என்றால் வட்டம் பாடசாலை வகுப்பாகிவிடும். வேலை முடிந்து களைத்து வருகிற பெண்கள் எங்கள் வட்டத்தில் அதிகம். அவர்களை நூலகத்துக்குள் இழுத்தது 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகத்தையும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி முடித்தார்கள். அந்தப் புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து பாருங்கள்: திகதி முத்திரை குத்த இடமில்லாமல் இரவல் சீட்டுக்கு மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறது, அதுவும் நிரம்பும் நிலையில் இருக்கிறது. வாசகர் விரும்பி எடுப்பதைப் பட்டியலிலிருந்து வெட்டுவது நியாயமா?

வாவிக்கரை:
சீட்டு நிரம்பிய நூலுக்கு நம் பரிந்துரை எதற்குத் தங்கச்சி? அது தன் பாட்டில் வாசிக்கப்படும். முத்திரையே விழாத நூலைக் கையில் எடுத்துக் கொடுப்பதுதான் வட்டத்தின் வேலை.

பழைய நூலகர்:
இருவருக்கும் ஒரு நடைமுறைச் சங்கதி. நான் நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கந்தையா பண்டிதரின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. இப்படிப்பட்ட பழைய நூல்கள் பெரும்பாலும் ஒற்றைப் பிரதியாக உசாத்துணைப் பகுதியில் இருக்கும். அங்கேயே இருந்து வாசிக்கலாம், வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. இருபது பேர் கொண்ட வட்டத்துக்கு ஒரு பிரதியை வைத்து என்ன செய்வீர்கள்? 'நூலகம்' என்ற இணையத்தளம் 2005இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி (டிஜிட்டல் வடிவாக்கி) இலவசமாகத் தருகிறது, பெரிய தொண்டு. ஆனால் எங்கள் வயதுக்காரருக்குக் கைத்தொலைபேசித் திரையில் நானூறு பக்கம் வாசிக்கக் கண் ஒத்துழைக்காது. தெரிவு செய்யும்போது பிரதி கிடைக்குமா என்பதை முதலில் கேளுங்கள்.

சாய்ந்தமருது:
வாவிக்கரை நானாவின் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லையே! கிழக்கு எழுத்து என்று உரிமையோடு பேசும்போது கவிஞர் அனாரை எப்படி மறக்க முடிகிறது? 'எனக்குக் கவிதை முகம்' எங்கள் ஊரிலிருந்து வந்த தொகுப்பு. கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களையும் அவர் தொகுத்திருக்கிறார். எங்கள் உம்மாமார் வாய்ப்பாடமாகச் சொன்ன கவிகள் அச்சில் இருக்கின்றன என்று தெரிந்தால் வட்டத்துப் பக்கமே வராத பெண்களும் வந்து உட்காருவார்கள். அதனால் ஊறணி அக்காவோடும் நான் உடன்படவில்லை. களைத்து வருபவர்களுக்குச் சோழர் கதைதான் பிடிக்கும் என்று யார் முடிவு செய்தது?

ஊறணி வாசகி:
நான் முடிவு செய்யவில்லை தங்கச்சி, அவர்கள் எடுத்த புத்தகம் சொல்கிறது. ஆனாலும் நாட்டார் பாடல் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, சேர்க்கலாம். நான் எதிர்ப்பது 'பன்னிரண்டும்' என்ற பிடிவாதத்தை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' நம் தீவுக்கு வருகிறது. அதை வைத்துக்கொண்டு, கல்கி காட்டிய ஈழத்தையும் நாம் அறிந்த ஈழத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அந்த மாலை எவ்வளவு சூடாக இருக்கும்! ஊர் நூலை மட்டும் வாசித்தால் அந்தப் பேச்சுக்கு வழியே இல்லை.

வாவிக்கரை:
சாய்ந்தமருதுத் தங்கச்சி, அனாரின் இரண்டு நூல்களையும் சேர்த்துவிட்டேன். ஊறணியாரே, கல்கியை வீட்டில் வாசியுங்கள், யாரும் தடுக்கவில்லை. வட்டத்துக்குக் கிடைப்பது மாதத்தில் ஒரு மாலை. அந்த ஒரு மாலையையும் ஏற்கெனவே கோடிப் பேர் பேசிய நூலுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய நூலகர்:
பிரதிப் பிரச்சினைக்கு ஒரு வழி சொல்கிறேன். 'வேளாண்மை'யிலிருந்து தொடங்குங்கள். நீலாவணன் 1975இல் காலமானார். நூல் 1982இல்தான் வெளிவந்தது. அது செய்யுள். வாய்விட்டு வாசிக்க ஒரு பிரதி போதும், மற்றவர்கள் கேட்கலாம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். நம் பகுதியில் பெரும்போக நெல் விதைப்புக்கு வட்டை, அதாவது வயல்வெளி, தயாராகும் காலமும் அதுதான். வயல் செய்கிற உறுப்பினர்கள் நமக்குள் இருக்கிறார்கள். ஒரு பகுதியை வாசித்து நிறுத்துங்கள், நிலக்கிழார்களான போடியார் காலத்து வயல் வேலைகளை அவர்கள் விளக்கட்டும். நூலில் அடிக்குறிப்பு இல்லாத இடத்தை அவர்கள் நிரப்புவார்கள்.

சாய்ந்தமருது:
ஐயா சொல்வது அருமை. நாட்டார் பாடல் தொகுப்புக்கும் இதே முறை பொருந்தும். அதைப் பெண்கள் வாசிக்கட்டும்.

ஊறணி வாசகி:
வாய்விட்டு வாசிப்பதற்கு நான் முழு ஆதரவு, 'வேளாண்மை'யில் என் பங்குக்கு ஒரு பகுதியை வாசிக்கிறேன். ஆனால் ஓகஸ்ட் மாதத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாடசாலை விடுமுறையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். 'சுழற்காற்று' அன்றைக்கு வேண்டும். அடுத்த கூட்டத்தில் கை உயர்த்தித் தீர்மானிப்போம்.

வாவிக்கரை:
உயர்த்துங்கள். அதே ஓகஸ்டுக்கு நான் 'மக்கத்துச் சால்வை'யை முன்மொழிவேன். சிறுகதைகள், தலைப்புக் கதையைப் பிள்ளைகள் ஒரே இருப்பில் முடித்துவிடலாம். கூட்டத்துக்கு வருவதற்கு முன் நீங்களும் அதை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள் தங்கச்சி. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, நாளைக்கே நூலகத்தில் உங்கள் பெயருக்கு வைத்துவிடுகிறேன்.